நெடுஞ்சாலையில் புதிதாக இறங்குகிறீர்களா? வேகம், விளக்குச் சைகை, சம்மன்: பட்டவன் எழுதும் வழிகாட்டி

2024இல் ஒரு நாள், சாலை வரியைப் புதுப்பிக்க முகப்பில் வரிசை பிடித்து நின்றேன். என் முறை வந்தது. உள்ளே இருந்த பெண் திரையை இரண்டு முறை பார்த்துவிட்டு, “அண்ணே, உங்கள் காருக்குத் தடை விழுந்திருக்கிறது. சம்மன் கட்டாமல் இருக்கிறது” என்றார். எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை என்று வாதாடினேன். கடிதம் வந்துதான் இருந்தது, நான் காலிசெய்துவிட்ட செந்தூல் வீட்டுக்கு. நான் ரவாங்கில் குடியேறி ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

மொத்தம் ஐந்து சம்மன்கள், அதாவது போக்குவரத்து அபராதச் சீட்டுகள், 750 ரிங்கிட். மூன்றைக் கட்டிவிட்டு மறுநாள் நிம்மதியாகப் போய் நின்றால், தடை அப்படியே இருந்தது. மீதி இரண்டும் வேறோர் இலாகாவின் கணக்கு. நான்கு நாள் அலைந்தேன். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்க மாதம் இருமுறை ஓட்டுகிறவன் நான். பதினைந்து ஆண்டு அனுபவம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன். புதிதாக உரிமம் எடுத்தவர்களும், வேலைக்காக மலேசியாவுக்கு வந்து முதன்முறை வடக்கு நோக்கிக் கார் ஓட்டப்போகிறவர்களும் இந்த அலைச்சலில் மாட்டக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன்

அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், சாலை வரி, காப்புறுதி. உரிமத்தையும் சாலை வரியையும் 2023 முதல் சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியிலேயே காட்டலாம். ஆனால் கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துபோனால் செயலியும் போய்விடும். அடையாள அட்டையையாவது பணப்பையில் வையுங்கள்.

வடக்கே போகும் பிளஸ் நெடுஞ்சாலையின் டோல் சாவடிகளில் ரொக்கம் வாங்குவதில்லை. டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்க வேண்டும். கோலாலம்பூரின் ஜாலான் டூத்தாவில் நுழைந்து, பட்டர்வொர்த் பக்கம் ஜூருவில் இறங்கினால் 35 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் ஆகும். பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் முதல் பாலத்துக்கு 5 ரிங்கிட் 74 சென், இரண்டாம் பாலத்துக்கு 7 ரிங்கிட் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பாலத்தில் தீவுக்குள் போகும்போது மட்டும்தான் கட்டணம், திரும்பும்போது இல்லை. அட்டையில் 60 ரிங்கிட் போட்டுவிட்டுக் கிளம்புவது என் வழக்கம். சாவடியின் தடுப்புக் கட்டை ஏறாமல் நிற்க, பின்னால் இருபது கார் ஹாரன் அடிக்க, நீங்கள் பின்னோக்கி வர வேண்டிய நிலை யாருக்கும் வேண்டாம்.

பின்னால் உட்காருகிறவர்களுக்கும் இடுப்புவார் கட்டாயம். இந்த விதி 2009லிருந்தே இருக்கிறது. பாட்டி முனகுவார், கட்டச் சொல்லுங்கள்.

2. வேக எல்லை: 110 என்று மனப்பாடம் செய்யாதீர்கள்

நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். எல்லாருக்கும் தெரிந்த எண் இதுதான். அதனாலேயே பலர் மாட்டுகிறார்கள். வழியெங்கும் 110 இல்லை. மலைப் பகுதியிலும், வளைவிலும், நகரத்தை ஒட்டிய இடங்களிலும் பலகை 90க்கும் 80க்கும் இறங்கும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மெனோரா சுரங்கப் பகுதியில் 110 என்ற நினைப்பே வேண்டாம். இறக்கத்தில் கார் தானாகவே வேகம் பிடிக்கும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், கியரைக் குறைத்து இறங்குங்கள். சுமையேற்றிய லாரி உங்களுக்குப் பின்னால் அதே இறக்கத்தில் வந்துகொண்டிருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

நெடுஞ்சாலையை விட்டுக் கூட்டரசுச் சாலைக்குள் நுழைந்தால் எல்லை 90. பெருநாள் காலத்தில் அது 80 ஆகிறது. இந்தக் குறைப்பு பலருக்குத் தெரிவதில்லை. ஊருக்குப் போகிற உற்சாகத்தில் 95இல் போவார்கள். அவர்கள் கணக்கில் ஐந்து கிலோமீட்டர்தான் அதிகம், சட்டத்தின் கணக்கில் பதினைந்து.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் 110இல் போனால் 3 மணி 11 நிமிடம். 130இல் பறந்தால் 2 மணி 42 நிமிடம். அரை மணி நேரம்கூட முழுதாக மிச்சமில்லை. அந்த மிச்சத்தையும் ஜூரு நெரிசல் வாங்கிக்கொள்ளும். 130இல் என்னை முந்திப் போன வெள்ளை நிற மைவி ஒன்றை, ஜூரு சாவடியில் எனக்கு இரண்டு கார் முன்னால் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே கார்தானா என்று கேட்காதீர்கள், மைவி எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

3. தடம்

இங்கே இடதுபக்கம் ஓட்டுகிறோம். வலதுகோடித் தடம் முந்துவதற்கு மட்டும். முந்தினீர்களா, இடதுபக்கம் திரும்பிவிடுங்கள். “நான் 110இல்தான் போகிறேன், இதற்கு மேல் போகிறவன் குற்றவாளி, அவனுக்கு நான் ஏன் வழிவிட வேண்டும்?” என்று என் தங்கை கணவர் வாதிடுவார். அவனைப் பிடிப்பது போலீசின் வேலை. உங்கள் வேலை தடத்தை விடுவது. வழி கிடைக்காதவன் இடதுபக்கமாக நுழைந்து முந்துவான். விபத்து அங்கேதான் பிறக்கிறது.

110இல் போகும் கார் ஒரு நொடிக்கு 30 மீட்டர் கடக்கிறது. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி என்றால் 60 மீட்டர். மழையில் அதை இரட்டிப்பாக்குங்கள். மழை கொட்டும்போது நாலு பக்க விளக்கையும் சிமிட்டவிட்டு ஓட்டுவது நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம். நீங்கள் தடம் மாறுகிறீர்களா, நின்றுவிட்டீர்களா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. முகப்பு விளக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்தாலே போதும். மழைக்கு ஒதுங்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் மேம்பாலங்களின் கீழே, இடதோரத்தில் கூட்டமாக நிற்பார்கள்; பாலம் வரும்போதெல்லாம் ஒரு கண் அங்கே இருக்கட்டும்.

அவசரத் தடத்தில் ஓட்டாதீர்கள். நெரிசல் நேரத்தில் சில இடங்களில் அதை ஸ்மார்ட் லேன் என்று திறந்துவிடுவார்கள். அறிவிப்புப் பலகையும் ஊழியர்களும் இருந்தால் மட்டுமே அது திறந்த தடம். முன்னால் நாலு கார் போகிறது என்பது அனுமதி ஆகாது. ஐந்தாவதாகப் போனவன் சம்மன் வாங்கியதை நேரில் பார்த்தவன் நான். அந்த ஐந்தாமவன் யார் என்று சொல்லப்போவதில்லை.

4. விளக்கடித்தால் என்ன பொருள்?

புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான், எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் சாலைகளில் முகப்பு விளக்கைச் சிமிட்டுவதற்குக் குறைந்தது நான்கு பொருள் உண்டு. பின்னால் வருகிறவர் சிமிட்டினால், “தள்ளிக்கொள்”. சந்திப்பில் எதிரே வருகிறவர் சிமிட்டினால், பெரும்பாலும் “நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நுழையாதே”. அதே சந்திப்பில், கார் மெதுவாகி நின்ற பிறகு சிமிட்டினால், “நீ முதலில் போ”. இரண்டுக்கும் வேறுபாடு வண்டியின் வேகத்தில்தான் இருக்கிறது, விளக்கில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் முதல் மாதம் முழுவதும் எல்லாச் சிமிட்டலையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டு நுழைந்தார். பிழைத்தது அதிர்ஷ்டம்.

நான்காவது பொருளைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இருவழிச் சாலையில் எதிரே வருகிற கார் இரண்டு மூன்று முறை சிமிட்டிவிட்டுப் போனால், “முன்னால் போலீஸ் இருக்கிறது”. எனக்கு ஓட்டப் பழக்கிய மாமா, தோட்டத்துச் சாலையில் முதல் பாடமாகச் சொன்னதே இதைத்தான்: “விளக்கடித்தால் மாத்தா நிற்கிறான் என்று அர்த்தம், காலை எடு.” அவர் தலைமுறைக்கு அது ஒரு தோழமை. லாரிக்காரர் டாக்சிக்காரருக்குச் சொல்வார், டாக்சிக்காரர் மோட்டார்காரருக்குச் சொல்வார். முன்பின் தெரியாதவன் நமக்காகக் கவலைப்படுகிறான் என்ற ஒரு சின்னச் சந்தோஷமும் அதில் உண்டு. நானும் வாங்கியிருக்கிறேன், கொடுத்திருக்கிறேன்.

இப்போது கொடுப்பதில்லை. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது சட்டம். சாலைத் தடுப்பு இருக்கும் இடத்தைப் பிறருக்கு அறிவித்து அதைத் தட்டிக்கழிக்க உதவினால், அரசு ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 186ஆவது பிரிவைக் காட்டிப் போலீசார் எச்சரித்திருக்கிறார்கள். அந்தப் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். விளக்குச் சிமிட்டலைவிட, வாட்ஸ்அப் குழுக்களில் “இந்த இடத்தில் தடுப்பு” என்று படத்தோடு போடுவது இன்னும் ஆபத்து. அனுப்பியவர் பெயரும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடுகிறது.

இரண்டாவது, அந்தத் தடுப்பு எதற்காக என்று சிமிட்டுகிறவருக்குத் தெரியாது. வேகத்தைப் பிடிக்கவா, குடித்துவிட்டு ஓட்டுகிறவனைப் பிடிக்கவா, சற்று முன் திருடுபோன காரைப் பிடிக்கவா? ஓர் இரவு பாகான் பக்கம் நான் வழக்கம்போலச் சிமிட்டிக்கொண்டே வந்தேன். எதிரே வந்த பிக்கப் ஒன்று என் சைகையைப் பார்த்ததும் நடுச்சாலையில் திரும்பி, விளக்கை அணைத்துவிட்டு வந்த வழியே ஓடியது. வெறும் வேகத்துக்குப் பயந்தவன் விளக்கை அணைக்க மாட்டான். அதன் பிறகு என் கை அந்தத் தண்டின் பக்கம் போகவில்லை.

மூன்றாவது, வாங்குகிறவருக்கும் அதனால் பெரிய லாபம் இல்லை. பிளஸ் நெடுஞ்சாலையில் இரு திசைக்கும் நடுவே தடுப்பு வேலி இருக்கிறது. எதிர்ப்பக்கம் வருகிறவரின் சிமிட்டலை நம்ப முடியாது. போலீசார் மேம்பாலத்தின் மேலும், பாதுகாப்புத் தகட்டின் பின்னாலும் லேசர் கருவியோடு நிற்பார்கள். தொலைவிலேயே அளந்துவிடுவார்கள். முன்னால் போகும் கார்களின் பிரேக் விளக்குகள் வரிசையாகச் சிவந்து நீங்களும் மிதிக்கும்போது, உங்கள் எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கலாம். மிச்சம் கிடைப்பது பின்னால் வருகிறவன் உங்கள் மேல் மோதும் வாய்ப்பு மட்டும்தான்.

அப்படியென்றால் யாராவது சிமிட்டினால் என்ன செய்வது? வேகமானியைப் பாருங்கள், இடது தடத்துக்கு வாருங்கள், மெதுவாகக் காலை எடுங்கள். முன்னால் போலீஸ் இல்லாமல் விழுந்த மரமோ, மாடோ, கவிழ்ந்த லாரியோ இருக்கலாம். அதற்காகவும் சிமிட்டுவார்கள். அப்படிப்பட்ட ஆபத்தை நீங்கள் தெரிவிக்க விரும்பினால், பின்னால் வருகிறவருக்கு நாலு பக்க விளக்கைச் சில நொடி போட்டுக் காட்டுங்கள்.

வழிகாட்டும் வேஸ் செயலியைப் பற்றியும் கேட்பீர்கள். கேமரா இருக்கும் இடத்தை அது சொல்லும். சொல்லாத இடத்திலும் கேமரா இருக்கும். கைப்பேசியைத் தாங்கியில் வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு “போலீஸ் இருக்கிறது” என்று பொத்தானை அழுத்தினால், ஓட்டும்போது கைப்பேசி பயன்படுத்திய குற்றம் தனியாகச் சேரும்.

5. கேமரா வேறு, போலீஸ் வேறு

என் நான்கு நாள் அலைச்சலுக்குக் காரணம் இந்த வேறுபாடு தெரியாததுதான். கம்பத்தில் நிற்கும் அவாஸ் கேமராக்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவுடையவை. அதைத்தான் ஜேபிஜே என்கிறோம். கேமராவுக்கு முன்னதாக எச்சரிக்கைப் பலகை இருக்கும். மேம்பாலத்தில் லேசர் கருவியோடு நிற்பது போலீஸ். இரண்டு பேருடைய சம்மனும் தனித்தனிக் கணக்கு. நகராண்மையின் வண்டி நிறுத்தச் சம்மன் மூன்றாவது கணக்கு. ஒன்றைக் கட்டினால் மற்றது தீராது.

பணத்தோடு, கெஜாரா என்னும் குற்றப் புள்ளிகளும் உங்கள் உரிமத்தில் ஏறும். எல்லையைவிட 25 கிலோமீட்டர் வரை அதிகமென்றால் 2 புள்ளி, 26 முதல் 40 வரை 3, நாற்பதுக்கு மேல் 4. சிவப்பு விளக்கை மீறினாலும் 4. உரிமம் எடுத்து முதல் இரண்டு ஆண்டு ‘பி’ ஒட்டியிருக்கிறவர்கள் கவனியுங்கள்: 20 புள்ளி சேர்ந்தால் உங்கள் உரிமம் ரத்து. மறுபடி முதலிலிருந்து வகுப்பு, தேர்வு, செலவு எல்லாம். மற்றவர்களுக்கு 20இலும் 40இலும் எச்சரிக்கை, 60இல் ஆறு மாதம் இடைநீக்கம்.

6. நிறுத்தச் சொன்னால்

இடதுபக்க விளக்கைப் போட்டு மெதுவாக ஓரம் கட்டுங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள், கைகள் திருப்புசக்கரத்தின் மேல் இருக்கட்டும். சீருடையில் இல்லாதவர் நிறுத்தினால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலுள்ளவர்களும் நீல அட்டை, அதற்குக் கீழுள்ளவர்கள் மஞ்சள், துணைப்படையினர் வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டவர்.

சம்மன் எழுதினால் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சாலையோரத்தில் யாரிடமும் ரொக்கம் கொடுக்காதீர்கள். “காப்பிக் காசு” என்று நாம் செல்லமாகச் சொல்வது சட்டத்தில் லஞ்சம். கொடுக்கிறவனுக்கும் 20 ஆண்டு வரை சிறை, அதோடு கொடுத்த தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், எது அதிகமோ அந்த அபராதம். 150 ரிங்கிட் சம்மனுக்காக யாரும் எடுக்கக்கூடிய பந்தயம் அல்ல.

7. சம்மன் வந்துவிட்டால்

மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு இடத்தில் பாருங்கள். போலீஸ் சம்மனுக்கு மைபாயார் பிடிஆர்எம், ஜேபிஜே சம்மனுக்கு மைஜேபிஜே. இரண்டிலும் அடையாள அட்டை எண்ணை மட்டுமல்ல, வண்டி எண்ணையும் தேடுங்கள்.

2026 ஜனவரி 1 முதல் இரண்டு இலாகாவுக்கும் ஒரே கழிவு முறை. முதல் 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. 16 முதல் 30 நாளுக்குள் என்றால் 33 விழுக்காடு கழிவு. 31 முதல் 60 நாள் வரை முழுத் தொகை. அதற்கு மேல் நீதிமன்றம். 300 ரிங்கிட் சம்மன் முதல் இரு வாரத்தில் 150 ரிங்கிட்டாக முடியும். நீதிமன்றம் வரை போனால், வேக மீறலுக்குச் சட்டம் அனுமதிக்கும் அபராதம் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை. முன்பெல்லாம் ஆண்டுக்கடைசியில் தள்ளுபடி அறிவிப்பார்கள் என்று காத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் காலம் முடிந்துவிட்டது. எல்லாக் குற்றத்துக்கும் கழிவு கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி முடித்துக்கொள்ள முடியாத குற்றங்கள் நேராக நீதிமன்றத்துக்கே போகும்.

கட்டுவதற்கு முன் சம்மனில் இருக்கும் நாள், நேரம், கிலோமீட்டர் எண் மூன்றையும் படியுங்கள். அந்த நேரத்தில் உங்கள் கார் எங்கே இருந்தது என்பதை டச் அண்ட் கோ கணக்கில் பார்க்கலாம். எந்தச் சாவடியில், எத்தனை மணிக்கு நுழைந்தது, எங்கே வெளியேறியது என்று எல்லாம் அதில் இருக்கும். பொருந்தவில்லை என்றால் அந்தப் பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போங்கள். வாயால் வாதிடுவதைவிட அது வேலைசெய்யும்.

குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ “உங்களுக்குச் சம்மன், இந்த இணைப்பை அழுத்தவும்” என்று வந்தால் தொடாதீர்கள். ஏபிகே என்று முடியும் கோப்பை இறக்கினால் வங்கிக் கணக்கு காலியாகும். செயலியை நீங்களே திறந்து பாருங்கள்.

வீடு மாறினால் அடையாள அட்டையில் முகவரி மாற்றியதோடு நின்றுவிடாதீர்கள். ஜேபிஜே பதிவில் இருக்கும் முகவரி தனி. நான் தவறியது அங்கேதான்.

8. எப்போது கிளம்புவது, பழுதானால் என்ன செய்வது

வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் தாப்பா ஓய்விடத்தில் பசியாறிவிட்டுச் செல்லலாம். பெருநாளுக்கும் தைப்பூசத்துக்கும் பிளஸ் நிறுவனம் வெளியிடும் பயண நேர ஆலோசனையைப் பாருங்கள். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுவது உத்தமம்.

வண்டி பழுதானால் அவசரத் தடத்தில் ஓரமாக நிறுத்தி, நாலு பக்க விளக்கைப் போட்டு, எல்லாரையும் பாதுகாப்புத் தகட்டுக்கு அப்பால் நிற்கவையுங்கள். காருக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். பிளஸ்லைன் 1800-88-0000, விபத்தென்றால் 999. கூப்பிடாமல் வந்து நிற்கும் இழுவை லாரிக்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சங்கிலி மாட்ட விடாதீர்கள். பிறகு விலை பேச முடியாது.

கடைசியாக, காரை இரவல் கொடுக்கிறவர்களுக்கு. சம்மன் ஓட்டியவருக்கு வராது, வண்டியின் உரிமையாளருக்குத்தான் வரும். ஓட்டியவர் யார் என்று உரிமையாளர் விவரம் தர வேண்டும். கொடுக்கும்போதே தேதியையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். என் ஐந்து சம்மன்களில் ஒன்று, வலது தடத்தை விடமாட்டேன் என்று வாதிடும் அதே தங்கை கணவர் என் காரில் ஓட்டியபோது வந்தது. 134 கிலோமீட்டர் வேகம். அந்த 150 ரிங்கிட்டை இன்னும் தரவில்லை.